சிகிச்சைக்கு வந்த ஊரில் தங்கும் அறை

சிகிச்சைக்காகச் சென்னைக்கு வரும் வெளியூர்க் குடும்பங்கள் மருத்துவரைப் பற்றிப் பல நாள் விசாரிக்கின்றன. மருத்துவமனையைப் பற்றி உற்றார் உறவினரிடமெல்லாம் கேட்டறிகின்றன. தங்கும் இடத்தைப் பற்றி மட்டும் பெரும்பாலும் ஊர் வந்து இறங்கிய பின்பே யோசிக்கின்றன. விடியற்காலையில் சென்ட்ரலிலோ எழும்பூரிலோ இறங்கி, கையில் பரிசோதனை அறிக்கைகளும் தோளில் பைகளுமாக, ஆட்டோ ஓட்டுநர் காட்டிய முதல் விடுதியிலேயே அறை எடுத்துவிடுவோர் பலர். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டதிலிருந்து, தென் மாவட்டங்களிலிருந்து அரசுப் பேருந்தில் வருவோர் அங்கிறங்கி நகருக்குள் வந்து சேர இன்னொரு பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. அந்தக் களைப்பில் 'படுக்க ஓர் இடம் கிடைத்தால் போதும்' என்று தோன்றுவது இயல்பே.

ஆனால் அந்த அறையில் ஓரிரவு மட்டும் தங்குவோர் குறைவு. கதிர்வீச்சுச் சிகிச்சை என்றால் வாரத்துக்கு ஐந்து நாளாகப் பல வாரங்கள் ஆகலாம். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர் வீடு திரும்பும் முன் மாதக்கணக்கில் மருத்துவமனைக்கு அருகிலேயே இருக்க வேண்டியிருக்கும். நோயாளி உண்பதும் உறங்குவதும் மருந்து எடுத்துக்கொள்வதும் அங்கேதான். ஆகவே அந்த அறையைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நாங்கள் கருதுகிறோம்.

எங்கள் நோயாளர் உதவி மையத்தில் அன்றாடம் கேட்கப்படும் கேள்வி, 'எந்த விடுதி நல்லது?' என்பது. தொற்றுத் தடுப்புப் பிரிவினரிடம் அடிக்கடி வரும் கேள்வி, 'உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக இருக்கிறதே, இது மருந்தினாலா?' என்பது. இவ்விரண்டு கேள்விகளுக்கும் தொடர்பு உண்டு என்பதாலேயே இரு பிரிவினரும் சேர்ந்து இக்கட்டுரையை எழுதுகிறோம். எந்த விடுதியையும் பெயர் சொல்லி நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஒரே விடுதியில் ஓர் அறை தூய்மையாகவும் அடுத்த அறை நேர்மாறாகவும் இருக்கக்கூடும்; சென்ற மாதம் நன்றாக இருந்த அறை இந்த மாதம் அப்படியே இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. பெயரை நம்புவதைவிட, பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொள்வதே பயன் தரும்.

நோயாளிக்கேற்ற அறை

முதலில் தொலைவு. இதைக் கிலோமீட்டரில் கணக்கிடாமல் நேரத்தில் கணக்கிடுங்கள். வரைபடத்தில் மூன்று கிலோமீட்டராகத் தெரியும் வழி, காலை ஒன்பது மணிக்கு அண்ணா சாலையைக் கடக்க வேண்டியிருந்தால் முக்கால் மணி நேரமாகிவிடும். அதைவிட முக்கியமானது இரவு நேரம். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்ளும் ஒருவருக்கு உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், மாத்திரை கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் அந்தக் காய்ச்சல் உயிருக்கு ஆபத்தாகலாம். உடனே மருத்துவமனைக்கு வந்து நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தொடங்கியாக வேண்டும். ஆகவே நள்ளிரவில் விடுதியின் கதவைத் திறந்துவிட ஆள் இருப்பாரா, தெருமுனையில் வண்டி கிடைக்குமா என்று அறை எடுக்கும்போதே கேளுங்கள். இரவு பத்து மணிக்கு வெளிக்கதவைப் பூட்டிச் சாவியோடு காவலாளி உறங்கச் சென்றுவிடும் விடுதிகளும் இந்நகரில் உண்டு.

'லிஃப்ட் இருக்கிறது' என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். பழைய கட்டடங்கள் பலவற்றில் தெருவிலிருந்து நான்கைந்து படி ஏறிய பிறகே லிஃப்ட் தொடங்குகிறது. சக்கர நாற்காலி அதன் கதவுக்குள் நுழைகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கழிப்பறையில் மேற்கத்திய இருக்கை உள்ளதா, வாசலில் உயரமான தடுப்புப் படி உள்ளதா, உள்ளே மயங்கி விழுந்தால் வெளியிலிருந்து திறக்கக்கூடிய தாழ்ப்பாளா என்பவை முழங்கால், இடுப்பு அறுவை செய்துகொண்டோருக்கும் முதியோருக்கும் பெரிய விஷயங்கள்.

மின்தடையின்போது ஜெனரேட்டர் எவற்றை இயக்கும் என்று குறிப்பாகக் கேளுங்கள். விளக்கும் மின்விசிறியும் மட்டும் இயங்கி, சுவரிலுள்ள பிளக்குகளில் மின்சாரம் வராத விடுதிகள் பல. பிராணவாயு தரும் கருவியோ நெபுலைசரோ வைத்திருப்பவர்களுக்கு அது பயன்படாது. இன்சுலின் முதலிய மருந்துகளுக்குக் குளிர்பதனப் பெட்டி வேண்டும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும், உறைபனி அறையில் வைத்தால் அது கெட்டுவிடும். அறையில் பெட்டி இல்லையென்றால் விடுதிச் சமையற்கூடத்தில் மீன், இறைச்சியோடு சேர்த்து வைக்கச் சம்மதிக்காதீர்கள். எங்கள் மருந்தகத்தில் கேளுங்கள்.

சமைக்க இடமுண்டா என்பது நீண்ட நாள் தங்குவோருக்கு உணவுக் கேள்வி மட்டுமல்ல, செலவுக் கேள்வியும்கூட. ஆயிரம்விளக்குப் பகுதியில், கிரீம்ஸ் சாலையை ஒட்டிய தெருக்களில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வரும் நோயாளிகளுக்காகவே அடுப்பும் பாத்திரமும் உள்ள அறைகளை நாள் வாடகைக்குத் தருகிறார்கள். பெரிய மருத்துவமனைகளைச் சூழ்ந்துள்ள மற்றப் பகுதிகளிலும் இவ்வழக்கம் பரவியுள்ளது. கஞ்சி காய்ச்சிக் கொடுக்க முடிகிற ஒரு சிறிய அறை, குளிரூட்டி மட்டும் உள்ள பெரிய அறையைவிட நோயாளிக்கு உகந்தது என்பது எங்கள் எண்ணம்.

குழந்தைகளோடு வருவோர் சன்னல் கம்பிகளின் இடைவெளியையும், பால்கனித் தடுப்பின் உயரத்தையும், கட்டிலுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியையும் பார்த்துக்கொள்ளுங்கள். சன்னலில் கொசுவலை அடித்திருக்கிறதா என்பதை எல்லோரும் பார்க்க வேண்டும். இக்கட்டுரையின் பிற்பகுதி மூட்டைப்பூச்சியைப் பற்றியது என்றாலும், நோய் என்ற அளவில் பார்த்தால் சென்னையில் கொசுவே பெரிய பகை. டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது; நோயாளி பகலிலும் படுத்தே இருப்பவர்.

வாடகை பற்றி ஒரு சொல். ஒரு நாள் என்பது நீங்கள் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரமா, மறுநாள் நண்பகல் வரையா என்று முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு அறை எடுத்துவிட்டு, அன்று நண்பகலுக்கே இரண்டாம் நாள் வாடகை கேட்கப்பட்டுத் திகைத்தவர்கள் உண்டு. நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுள்ளது. பழைய 12 விழுக்காடு இன்னும் போடப்பட்டிருந்தால் கேட்கலாம். இலங்கையிலிருந்து வருவோரின் விவரங்களை விடுதியார் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். கடவுச்சீட்டு, விசா நகல்களைத் தனி உறையில் வைத்திருந்தால் நடு இரவில் பெட்டியைக் கலைக்க வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் சொல்லும்போதே ஒன்றை வலியுறுத்துகிறோம்: முன்பணம் கொடுப்பதற்கு முன் அறையைப் பாருங்கள். நோயாளியையும் பைகளையும் கீழே வரவேற்பிடத்தில் இருத்திவிட்டு ஒருவர் மட்டும் மேலே சென்று பத்து நிமிடம் செலவழித்தால் போதும். அந்தப் பத்து நிமிடத்தில் பாதி, படுக்கைக்கு உரியது.

படுக்கையைப் பார்க்கும் முறை

மூட்டைப்பூச்சி நம் நாட்டுக்குப் புதியதன்று. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் இளமையைக் கழித்தவர்களும், பழைய திரையரங்குகளின் பிரம்பு நாற்காலிகளை அறிந்தவர்களும் அதை நன்கறிவார்கள். இடையில் சில பத்தாண்டுகள் அது குறைந்திருந்தது. இப்போது உலகெங்கும் மீண்டும் பெருகியுள்ளது. பாரிஸ் நகரம் 2023-இல் இதற்காகவே செய்தியில் அடிபட்டது. பிரான்சில் 2017-க்கும் 2022-க்கும் இடையில் பத்தில் ஒரு வீட்டுக்குமேல் மூட்டைப்பூச்சி இருந்ததாக அந்நாட்டு அரசு நிறுவனம் தெரிவித்தது. ஏழைமைக்கும் அழுக்குக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக எண்ணுவது தவறு. மனிதர் உறங்கும் இடமும் ஒளிந்துகொள்ள ஓர் இடுக்கும் இருந்தால் அதற்குப் போதும். ஆகவே அதிக வாடகை வாங்கும் விடுதி என்பதால் சோதிக்காமல் விட்டுவிட வேண்டாம். எளிய விடுதி என்பதால் ஒதுக்கவும் வேண்டாம்.

பூச்சியின் இயல்பை அறிந்தால் தேடுவது எளிதாகும். அதற்குச் சிறகில்லை, தாவவும் தெரியாது, ஊர்ந்துதான் செல்லும். வளர்ந்த பூச்சி துவரம்பருப்பளவு, அதாவது 5 முதல் 7 மில்லிமீட்டர் இருக்கும். தட்டையானது, பழுப்பு நிறமானது. குஞ்சுகள் எள்ளைவிடச் சிறியவை, வெளிறியவை. முட்டை வெள்ளையாக ஒரு மில்லிமீட்டர் நீளமிருக்கும். தட்டையான உடல் என்பதால் ஒரு ஏ.டி.எம். அட்டை நுழையும் பிளவு எதிலும் அது நுழைந்துவிடும். உறங்குபவரின் உடல் வெப்பத்தையும் மூச்சுக்காற்றையும் உணர்ந்து இரவில் வந்து, ஐந்து முதல் பத்து நிமிடம் குருதி குடித்துவிட்டு, மீண்டும் இடுக்குக்குத் திரும்பிவிடும். படுக்கையை விட்டு அதிகத் தொலைவு செல்ல அதற்குத் தேவையில்லை. ஆகவே தேடலும் கட்டிலைச் சுற்றியே இருக்க வேண்டும்.

கைப்பேசியின் விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். தலைமாட்டு மூலையில் விரிப்பை உயர்த்தி மெத்தையின் ஓரத் தையலைப் பாருங்கள். அத்தையலின் மடிப்பை விரலால் பிரித்து, அட்டையின் முனையால் மெல்ல வருடுங்கள். மெத்தையைச் சற்றே தூக்கி அடிப்பலகையின் மூட்டுகளையும் திருகாணித் துளைகளையும் பாருங்கள். பிறகு தலைமாட்டுப் பலகைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடம். இது மிக முக்கியமானது, துடைப்பவர் கைக்கு எட்டாதது. தலையணையின் உறையைக் கழற்றித் தையலைப் பாருங்கள். கட்டிலையொட்டிச் சுவரில் படம் மாட்டியிருந்தால் அதன் பின்புறத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.

பூச்சியே கண்ணில் பட வேண்டும் என்பதில்லை. அது விட்டுச் சென்ற தடயமே போதும். பேனா மையால் குத்தியதுபோல் கறுப்புப் புள்ளிகள் கொத்தாக இருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் அவை செம்பழுப்பாகக் கரையும். அவை செரித்த குருதியின் கழிவு. தவிட்டைப் போன்ற மெல்லிய உரிந்த தோல்கள் கிடக்கும். குஞ்சு வளர்வதற்குள் ஐந்து முறை தோலுரிக்கிறது என்பதால் இவை மிகுதியாகவே காணப்படும். விரிப்பில் சிறு குருதிக் கறைகள் இருக்கலாம். பூச்சி மிகுந்த அறையில் பச்சைக் கொத்தமல்லியை ஒத்த ஒரு காரமான வாடையும் வரும். (ஐரோப்பிய மொழிகளில் கொத்தமல்லிக்கு வழங்கும் பெயர், மூட்டைப்பூச்சியைக் குறிக்கும் பழங்கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்வதுண்டு. நாள்தோறும் ரசத்தில் கொத்தமல்லி தூவும் நமக்கு அது சற்று வியப்பான செய்திதான்.)

பலர் கவனிக்காமல் விடுவது 'எக்ஸ்ட்ரா மெத்தை'. இரண்டு பேருக்கான அறையில் மூன்றாமவராக உடன் தங்குபவருக்கு, சுருட்டி வைத்திருந்த ஒரு மெத்தையை விடுதிப் பணியாளர் இரவு ஒன்பது மணிக்குக் கொண்டுவந்து போடுவார். அது எல்லா அறைகளுக்கும் போய்வரும் மெத்தை. நாளெல்லாம் இருண்ட கிடங்கில் சுருண்டு கிடப்பது. அறையை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்திருந்தாலும் அந்த ஒரு மெத்தை வழியாகப் பூச்சி வந்துவிடலாம். அதை அறைக்கு வெளியே தாழ்வாரத்திலேயே விரித்துப் பார்த்துவிட்டு உள்ளே எடுங்கள். நாடாக் கட்டில் கொடுத்தால் நாடாக்கள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடங்களைப் பாருங்கள். முடிந்தால் சொந்தமாக ஒரு பிளாஸ்டிக் பாயும் விரிப்பும் கொண்டுவருவதே மேல். கோரைப்பாயின் பின்னலில் பூச்சி ஒளியும். பிளாஸ்டிக் பாயைச் சோப்பு நீரால் துடைத்துவிடலாம். எங்கள் காத்திருப்புக் கூடங்களில் இரவு தங்கும் உறவினருக்கும் அந்தப் பாயே உதவும். ஊர் ஊராக மக்கள் வந்து அமரும் எந்த இடமும், எங்கள் கூடங்கள் உட்பட, இப்பூச்சிக்கு முற்றிலும் விலக்கன்று.

தடயம் தெரிந்தால் அதே தளத்தின் அடுத்த அறையை ஏற்காதீர்கள். சுவர்ப் பிளவு வழியாகவும் மின்கம்பிக் குழாய் வழியாகவும் பூச்சி பக்கத்து அறைக்கும், நேர்மேலே நேர்கீழே உள்ள அறைகளுக்கும் செல்லக்கூடும். கட்டடத்தின் வேறொரு பகுதியில் அறை கேளுங்கள். இல்லையேல் வேறு விடுதி பாருங்கள். சண்டையிடத் தேவையில்லை. விடுதியாருக்கு அமைதியாகக் காட்டினால் அவருக்கும் அது உதவிதான்.

தடயம் இல்லையென்றாலும் பைகளைக் கட்டிலின்மீதோ கட்டிலுக்கடியிலோ வைக்காதீர்கள். மேசைமீதோ உலோகத் தாங்கியின்மீதோ வையுங்கள். அழுக்குத் துணிகளைத் தனிப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள். அணிந்த துணியின் மனித வாடை பூச்சியை ஈர்க்கிறது. கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தி, விரிப்பின் நுனி தரையில் படாமல் செருகிவிட்டால் பூச்சி ஏறும் வழிகள் குறையும். முட்டை பொரிக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும் என்பதால், நீண்ட நாள் தங்குவோர் வாரம் ஒருமுறை இச்சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். மருத்துவமனைக்கு வராத ஞாயிற்றுக்கிழமையை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

உடலில் தடிப்பு கண்டால்

மூட்டைப்பூச்சியின் எச்சில் தோலை மரத்துப்போகச் செய்கிறது; ஆகவே கடிக்கும்போது வலிப்பதில்லை. தடிப்பு சிலருக்குச் சில மணி நேரத்தில் தோன்றும். சிலருக்குச் சில நாள் கழித்தே தோன்றும். சிலருக்குத் தோன்றுவதே இல்லை. ஒரே கட்டிலில் படுத்த தாய்க்கு ஒன்றுமில்லாமல் குழந்தைக்கு மட்டும் உடலெங்கும் தடித்திருப்பது இதனால்தான். முகம், கழுத்து, கை, கால் என ஆடை மறைக்காத இடங்களில், வரிசையாகவோ கொத்தாகவோ, நமைச்சலோடு இவை காணப்படும். குருதி குடிக்கும் பூச்சி என்பதால் எச்.ஐ.வி.யோ மஞ்சள் காமாலைக் கிருமியோ தொற்றிவிடுமோ என்று பலர் அஞ்சிக் கேட்கிறார்கள். மூட்டைப்பூச்சி இந்நோய்களை மனிதரிடையே பரப்புவதாக நிறுவப்படவில்லை. சொறிந்து புண்ணாகிச் சீழ் பிடிப்பதும், பல இரவுகள் உறக்கம் கெடுவதும்தான் அதனால் விளையும் உண்மையான துன்பங்கள். எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கு ஒரு சிறு சொறிப்புண்ணும் சிறியதன்று. நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

ஆனால் எங்களுக்குக் கவலை தருவது கடியைவிட, அதைப் பற்றிச் சொல்லாமல் விடுவதுதான். இது இரண்டு விதமாக நேர்கிறது. புதிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் ஒருவருக்குத் தடிப்பு வருகிறது. விடுதியில் மூட்டைப்பூச்சி உண்டு என்பதை, 'நம்மைப் பற்றி என்ன நினைப்பார்களோ' என்ற கூச்சத்தால் குடும்பத்தார் சொல்வதில்லை. மருத்துவர் மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம் என்று கருதி, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மருந்தை நிறுத்த நேரிடுகிறது. அதைவிடத் தீங்கு, ஒவ்வாமை என்ற குறிப்பு அவருடைய கோப்பில் ஏறி, பின்னொரு நாள் அம்மருந்து உண்மையில் தேவைப்படும்போதும் கொடுக்கத் தயங்க வைக்கிறது.

மற்றது இதற்கு நேர்மாறு. உண்மையான மருந்து ஒவ்வாமையை 'லாட்ஜ் பூச்சிதான்' என்று குடும்பத்தாரே முடிவு செய்துகொண்டு வராமல் இருந்துவிடுவது. தடிப்போடு காய்ச்சல், வாயிலோ கண்ணிலோ புண், முகவீக்கம், மூச்சுத்திணறல், தோல் கொப்புளித்து உரிதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் அது பூச்சிக்கடி அன்று. அன்றைய சந்திப்பு நேரத்துக்காகக் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். வண்டி இல்லையேல் 108-ஐ அழையுங்கள்.

அக்கியும் இவ்வாறே ஏமாற்றும். உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டையாக, எரிச்சலும் வலியும் மிகுந்து நீர்க்கொப்புளங்கள் கிளம்பினால் அது அக்கியாக இருக்கலாம். எதிர்ப்பாற்றல் குறைந்தோருக்கு அது எளிதில் வரும். அதற்குரிய மருந்தைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்ல பலன் தரும். செம்மண் குழைத்து அக்கி எழுதும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் உண்டு. அந்த நம்பிக்கையைப் பற்றி இங்கே வாதிட நாங்கள் விரும்பவில்லை. அதில் மூன்று நாள் கழிந்துவிடக் கூடாது என்பதே எங்கள் வேண்டுகோள். விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் இரவில் நமைச்சல் மிகுந்து, வீட்டில் மற்றவருக்கும் அப்படியே இருந்தால் அது சொறி சிரங்காக இருக்கலாம். அது தொற்றக்கூடியது, அதற்கு மருந்து வேறு.

எதுவென்று நீங்கள் கண்டறிய வேண்டியதில்லை. எந்த இரவு எங்கே தங்கினீர்கள், உடன் தங்கியவருக்கும் தடிப்பு உண்டா, எந்த மருந்து எந்த நாள் தொடங்கியது என்ற மூன்றையும் செவிலியரிடம் சொல்லுங்கள். தடிப்பைக் கைப்பேசியில் நாள்தோறும் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் மருத்துவருக்கு மிகவும் உதவும்.

அறையில் மருந்தடிப்பது

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதே என்ற பழமொழியை எல்லோரும் அறிவர். நோயாளி இருக்கும் அறையில் பூச்சிக்கொல்லி தெளிப்பது ஏறக்குறைய அந்தச் செயல்தான். கடையில் வாங்கும் தெளிப்பான்கள் பெரும்பாலும் இப்பூச்சியைக் கொல்வதில்லை. டிடிடி மருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெற்ற மூட்டைப்பூச்சிகள் 1940-களின் இறுதியிலேயே காணப்பட்டன. இன்று பரவலாக விற்கும் பைரித்ராய்டு வகை மருந்துகளையும் அவை பெருமளவு தாங்கிக்கொள்கின்றன. அடித்த மருந்தால் பூச்சி சிதறி அடுத்த அறைக்குப் போவதும், நோயாளிக்கு இருமலும் மூச்சுத்திணறலும் மிகுவதுமே மிச்சம். பிராணவாயு பயன்படுத்துவோர் அறையில் மண்ணெண்ணெய், கற்பூரம், கொசுவர்த்தி எதற்கும் இடமில்லை, தீப்பிடிக்கும். பாச்சை உருண்டைகள் மூட்டைப்பூச்சியை ஒழிப்பதில்லை. ஜி6பிடி குறைபாடுள்ள கைக்குழந்தைகளுக்கோ அவை குருதிச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் நஞ்சு.

பக்கத்து அறையில் அடிக்கும் மருந்தும் தீங்கு செய்யும். எகிப்தின் ஹுர்காடா நகரில் ஒரு விடுதியில் 2018-இல் பிரித்தானியத் தம்பதியர் இறந்தனர். அடுத்த அறையில் மூட்டைப்பூச்சிக்காகத் தெளித்த மருந்திலிருந்த ஒரு வேதிப்பொருள் உடலுக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறியதே காரணம் என்று பிரித்தானிய மரண விசாரணை அதிகாரி 2023-இல் முடிவு கூறினார். தானியக் கிடங்குகளில் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகள் ஈரக்காற்றில் வெளியிடும் வாயு இன்னும் கொடியது. மனிதர் உறங்கும் கட்டடத்தில் அதற்கு இடமே இல்லை. ஆகவே 'நேற்றுத்தான் மருந்தடித்தோம், கவலைப்படாதீர்கள்' என்று விடுதியார் பெருமையாகச் சொன்னால் அதை நற்செய்தியாகக் கொள்ள வேண்டாம். எந்த மருந்து, எந்த அறையில், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அறையில் காரமான நெடியோ பூண்டு, அழுகிய மீன் போன்ற வாடையோ இருந்தால் அங்கே படுக்காதீர்கள். தலைசுற்றலோ வாந்தியோ ஒரே அறையிலுள்ள பலருக்கு ஒன்றாக வந்தால், அதை உணவுக் கோளாறு என்று எண்ணிக் காலம் கடத்தாமல் உடனே அறையை விட்டு வெளியேறுங்கள்.

ஊர் திரும்பும்போது

பூச்சியைக் கொல்ல வெப்பம் போதும். கடிபட்ட அறையிலிருந்து திரும்பும்போது துணிகள் எல்லாவற்றையும், தூயவை உட்பட, பிளாஸ்டிக் பைகளில் கட்டி எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் பைகளைப் படுக்கையறைக்குக் கொண்டுபோகாமல் முற்றத்திலோ மொட்டை மாடியிலோ பிரியுங்கள். வெந்நீரைத் தாங்கும் துணிகளை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்துத் துவைத்தால் முட்டையும் அழியும். பட்டுப் புடவை போன்றவற்றை இஸ்திரிபோடும்போது மடிப்புகளிலும் தையல்களிலும் மெதுவாகத் தேயுங்கள். வெயிலில் போட்டாலே போதும் என்று நம்பாதீர்கள். துணியின் நிழற்பக்கத்துக்கு நகர்ந்து பூச்சி தப்பித்துக்கொள்ளும். குழந்தை பிரிய மறுக்கும் பொம்மையை இறுகக் கட்டிய பையில் போட்டு, குளிர்பதனப் பெட்டியின் உறைபனி அறையில் நான்கு நாள் வைக்கலாம். அந்த அறை மைனஸ் 18 டிகிரி அளவில் இருக்க வேண்டும். அந்நான்கு நாளுக்கு வேறொரு பொம்மையைத் தயாராக வைத்திருப்பது பெற்றோரின் பொறுப்பு.

பையைக் கவிழ்த்துத் தட்டி, உள்தையலையும் ஜிப்பின் ஓரங்களையும் பாருங்கள். உணவில்லாமலும் இப்பூச்சி மாதக்கணக்கில் உயிர்வாழக்கூடியது. ஆகவே அடுத்த மருந்தேற்றலுக்கு வரும் வரை பையைப் பரணில் போட்டு வைத்தால் தானே செத்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

அறையில் பூச்சி ஒன்று அகப்பட்டு, அது மூட்டைப்பூச்சியா கரப்பான் குஞ்சா என்று ஐயமிருந்தால் நசுக்கிவிடாதீர்கள். ஒட்டும் டேப்பில் அதை ஒட்டி, வெள்ளைத் தாளின்மீது பதித்து, மடித்து எடுத்து வாருங்கள். வெளிநோயாளர் பிரிவின் தரைத்தளத்திலுள்ள நோயாளர் உதவி மையத்தில் கொடுத்தால் தொற்றுத் தடுப்புப் பிரிவினர் உருப்பெருக்கியில் பார்த்து அன்றே சொல்லிவிடுவோம். பெயரோ விடுதியின் பெயரோ எழுத வேண்டியதில்லை. நோயாளியின் மருந்துச் சீட்டை மட்டும் கூடவே கொண்டுவாருங்கள்.